கேளுங்கள், சொல்கிறோம்: கிளினிக்கில் மனநல ஆய்வு

கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் பல, பக்கத்துச் சுகாதார கிளினிக்கிலேயே மனநலச் சிகிச்சைகளைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளைப் பற்றியவை. அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறோம்.

*என் அம்மாவுக்கு 58 வயது. இனிப்புநீருக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்க கிளினிக்குக்குப் போகிறார். போன தடவை தாதி 9 கேள்விகள் உள்ள பாரத்தை நிரப்பச் சொல்லிவிட்டு, "ஒரு மனநல ஆய்வு நடக்குது, சேர்றீங்களா? எந்தப் பிரிவுன்னு கணினிதான் முடிவு பண்ணும்" என்றாராம். அம்மாவைச் சோதனை எலியாக வைத்துக்கொள்கிறார்களா?* – வாசகி, செந்தூல்

பயப்பட வேண்டாம். ஆனால் விவரம் கேட்காமல் கையெழுத்தும் போட வேண்டாம்.

மருத்துவ ஆய்வில் இரண்டு வகை உண்டு. ஒரு மருந்துக்குச் சக்தி இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. அதில் நோயாளிகளைச் சலித்து எடுப்பார்கள்: வேறு நோய் இருக்கக் கூடாது, வேறு மாத்திரை சாப்பிடக் கூடாது, வயது இந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது வகை, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சிகிச்சை, வழக்கமான கிளினிக்கில், வழக்கமான ஊழியர்கள் கையில், வழக்கமான நோயாளிகளுக்குப் பலன் தருகிறதா என்று பார்ப்பது. இந்த வேறுபாட்டை 1967-இல் டேனியல் ஷ்வார்ட்ஸ், ஜோசப் லெலூஷ் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் தெளிவாக எழுதி வைத்தார்கள். உங்கள் அம்மாவைப் போல இனிப்புநீர் போன்ற வேறு நோயும் இருப்பவர்கள் முதல் வகை ஆய்வுகளில் பெரும்பாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்கள். அதனால் அவர்களுக்கு எது உதவும் என்பது இரண்டாவது வகையில்தான் தெரியவரும். கிளினிக்கில் கேட்டது அநேகமாக இந்த வகை. ஆய்வு செய்யப்படுவது புது மருந்தா, புழக்கத்தில் உள்ள சிகிச்சையைக் கொடுக்கும் முறையா என்பதை முதல் கேள்வியாகக் கேட்டுவிடுங்கள்.

யாருக்குப் புதுச் சிகிச்சை, யாருக்கு வழக்கமான சிகிச்சை என்று கணினி குலுக்கல்போலப் பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. யாருக்கு எது என்று மருத்துவர் தேர்ந்தெடுத்தால், தெம்பாக இருப்பவர்களை அறியாமலேயே புதுச் சிகிச்சைப் பக்கம் தள்ளிவிடுவார். கடைசியில் நல்ல பலன் வந்தால் அது சிகிச்சையாலா, ஆட்களாலா என்று சொல்ல முடியாது.

கையெழுத்துக்கு முன் தகவல் தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். சுகாதார அமைச்சின் கிளினிக்கில் நடக்கும் ஆய்வு தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதாவது என்.எம்.ஆர்.ஆரில், பதிவாகியிருக்க வேண்டும். அந்த எண் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். அமைச்சின் நெறிமுறைக் குழுவான எம்.ஆர்.இ.சி. ஒப்புதல் தந்திருக்கிறதா, எத்தனை தடவை வர வேண்டும், போக்குவரத்துச் செலவை யார் தருவார்கள், பாதிப்பு ஏற்பட்டால் யார் பொறுப்பு, யாரைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் இனிப்புநீர் சிகிச்சை வழக்கம்போல் தொடரும் என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேர வேண்டாம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றால், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி உடனிருக்க, முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகுதான் ஒப்புதல் செல்லும். தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்கவும் உரிமை உண்டு. அங்கேயே அவசரப்படுத்தினால், "அடுத்த அப்பாயின்ட்மென்ட்டில் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

*அந்த 9 கேள்விப் பாரத்தில் எனக்கு 12 வந்தது. வேறு கிளினிக்கில் முன்பு 21 கேள்விகள் கேட்டு "சாதாரணம்" என்றார்கள். எது சரி?* – வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். 9 கேள்விகள் உள்ளது பி.எச்.கியூ-9, மனச்சோர்வை அளப்பது, கடந்த 2 வாரத்தைப் பற்றிக் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 5 முதல் 9 வரை லேசான அறிகுறிகள், 10 முதல் 14 வரை மிதமானவை, 15 முதல் 19 வரை சற்றுக் கடுமை, 20-உம் அதற்கு மேலும் கடுமை. 21 கேள்விகள் உள்ளது டாஸ்-21. அது கடந்த ஒரு வாரத்தை மட்டும் பார்க்கும். மனச்சோர்வு, பதற்றம், மன இறுக்கம் மூன்றையும் தனித்தனியாக 7 கேள்விகளில் அளந்து, கூட்டலை 2-ஆல் பெருக்கும். அதில் மனச்சோர்வு 9 வரை சாதாரணம். காலமும் கேள்வியும் வேறாக இருக்கும்போது எண்களை ஒப்பிடக் கூடாது.

12 என்பது நோய் என்ற முடிவு அல்ல, மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும் என்ற அறிகுறி. களைப்பு, தூக்கம், பசி மூன்றும் அந்த ஒன்பதில் தனித்தனிக் கேள்விகளாக வருகின்றன. கட்டுப்பாட்டில் இல்லாத இனிப்புநீரும், தைராய்டு குறைவும், இரத்தசோகையும் இவற்றை ஏற்றிவிடும். அதனால் 12 வந்தால் இரத்தப் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள்.

இந்தப் பாரம் கெட்டுப்போவது பெரும்பாலும் வாசித்துக் காட்டும் இடத்தில்தான். "தூக்கம் வரலையாம்மா?" என்று கேட்டால், "இருக்கு, என்ன பண்றது" என்பார் அம்மா. தாதி 1 போடுவார். அதே கேள்வியை "இந்த 14 நாளில் எத்தனை நாள்?" என்று கேட்டால் "தினமும்தான்" என்று வரும், அது 3. நான்கு கேள்விகளில் இப்படி நடந்தால் 8 புள்ளி காணாமல் போகும். ஆய்வு நடக்கும் கிளினிக்கில் இது இன்னும் மோசம். முதல் நாள் ஒரு தாதி, மூன்றாவது மாதம் இன்னொரு தாதி, இரண்டு பேரும் வேறு விதமாகக் கேட்டால், வந்த மாற்றம் சிகிச்சையால் வந்ததா, கேட்ட விதத்தால் வந்ததா என்று தெரியாது. மருமகளையோ மகனையோ மொழிபெயர்க்க வைப்பது அதைவிடப் பெரிய தவறு. வீட்டில் உள்ள கஷ்டத்தை வீட்டாள் முன்னால் யார் சொல்வார்கள்?

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணத்தையும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எது வந்தாலும் அன்றைக்கே, அந்த அறையிலேயே ஒரு மருத்துவர் பேசியாக வேண்டும். ஆய்வு அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது. மனதில் இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நம் நாட்டில் தற்கொலை முயற்சி 2023 முதல் குற்றம் அல்ல. கிளினிக் பூட்டியிருக்கும் நேரத்தில் அழைக்க உதவித் தொலைபேசிகள்: ஹீல் 15555, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.

*அம்மா "வழக்கமான சிகிச்சை" பிரிவில் விழுந்துவிட்டார். மற்றவர்களுக்கு ஆலோசகர் கிடைக்கிறார், இவருக்கு இல்லை. ஏமாற்றப்பட்டோமா?* – வாசகர், கெப்போங்

இந்தக் கேள்விக்குக் கோவாவில் நடந்த ஓர் ஆய்வை விரிவாகச் சொல்ல வேண்டும். இதைவிட நல்ல பதில் கிடையாது.

'மானஸ்' என்ற அந்த ஆய்வின் முடிவு 2010-இல் வெளிவந்தது. 12 அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்கள், 12 தனியார் கிளினிக்குகள், சுமார் 2,800 நோயாளிகள். மனநல மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடம் என்பதால், மருத்துவத் துறைப் பின்னணி இல்லாத உள்ளூர்ப் பட்டதாரிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக உட்கார வைத்தார்கள். பேச்சு முதலில்; தேவைப்பட்டால் மருத்துவர் மாத்திரை தருவார்; மேலே ஒரு மனநல மருத்துவர் மேற்பார்வை. பாதி இடங்களில் இந்த ஏற்பாடு, மீதிப் பாதியில் வழக்கமான சிகிச்சை. 6 மாதம் கழித்துப் பார்த்தால், மனச்சோர்வோ பதற்ற நோயோ உறுதியானவர்களில், அரசாங்க நிலையங்களில் ஆலோசகர் இருந்த பக்கம் 65.9 சதவீதம் பேர் குணமடைந்திருந்தார்கள். வழக்கமான பக்கம் 42.5 சதவீதம். பெரிய வித்தியாசம். தனியார் கிளினிக்குகளிலோ ஆலோசகர் பக்கம் 64.1, வழக்கமான பக்கம் 65.9. வித்தியாசமே இல்லை.

தனியாரில் ஆலோசகர்கள் சரியாக வேலை செய்யவில்லையா? எண்களைக் கவனியுங்கள். ஆலோசகர் இருந்த இடங்களில் அரசாங்கத்திலும் தனியாரிலும் ஏறக்குறைய ஒரே அளவு குணம். மாறியது ஒப்பிட்ட பக்கம். தனியார் கிளினிக்கில் வழக்கமாகவே நோயாளியை ஒரே மருத்துவர் திரும்பத் திரும்பப் பார்க்கிறார், அவரை அறிந்திருக்கிறார். அந்த வழக்கத்துக்கு மேல் கூட்டுவதற்கு அதிகம் மிச்சம் இல்லை. எனவே எந்த ஆய்வு முடிவைக் கேட்டாலும் "எவ்வளவு பலன்?" என்பதற்கு முன்னால் "எதோடு ஒப்பிட்டார்கள்?" என்று கேளுங்கள். நாளிதழில் வரும் மனநலச் செய்திகளில் இந்தக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் இருக்காது.

உங்கள் அம்மாவுக்கு வருவோம். ஆலோசகர் பக்கம்தான் நல்லது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த ஆய்வுக்கு ஒப்புதல் கிடைத்திருக்காது. தெரியாததால்தான் ஆய்வு. கோவாவில் வழக்கமான பக்கத்திலும் 10 பேரில் 4 பேருக்கு மேல் குணமடைந்தார்கள் என்பதையும் பாருங்கள். மனிதர்கள் மிக மோசமாக இருக்கும் நாளில்தான் கிளினிக் வருகிறார்கள்; அங்கிருந்து ஓரளவு தானாகவே மேலே வருவார்கள். ஒப்பிடும் பக்கம் இல்லாவிட்டால் அந்த ஏற்றத்தையும் சிகிச்சையின் கணக்கில் எழுதிவிடுவோம். ஆனால் ஒன்று: வழக்கமான சிகிச்சை என்றால் சிகிச்சை இருக்க வேண்டும். அம்மாவின் பி.எச்.கியூ-9 புள்ளி கூடினால், ஆய்வுப் பிரிவைக் காரணம் காட்டாமல் குடும்ப மருத்துவ நிபுணரிடமோ மெந்தாரி என்ற சமூக மனநல மையத்துக்கோ அனுப்ப வேண்டியது கிளினிக்கின் கடமை. கேட்டு வாங்குங்கள்.

*நான்கு மாதமாக செர்ட்ராலின் 50 மில்லிகிராம் சாப்பிடுகிறேன், இப்போது நன்றாக இருக்கிறேன். "மனச்சோர்வுக்கு இந்த மாத்திரை வேலை செய்யாது என்று ஆய்வு சொல்கிறது" என்று வாட்சப்பில் வந்தது. நிறுத்திவிடலாமா?* – வாசகி, ஆயர் ஈத்தாம்

இப்போதைக்கு நிறுத்தாதீர்கள்.

அவர்கள் சொல்வது அநேகமாக 2019-இல் வந்த 'பாண்டா' ஆய்வாக இருக்கும். இங்கிலாந்தில் 179 கிளினிக்குகள், 655 பேர். பாதிப் பேருக்கு செர்ட்ராலின், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 6 வாரத்தில் மனச்சோர்வு அறிகுறிகளில் தெளிவான வித்தியாசம் இல்லை என்பது உண்மை. வாட்சப்பில் விட்டுப்போனது அடுத்த பாதி: அதே 6 வாரத்தில் பதற்றம் தெளிவாகக் குறைந்தது, தங்கள் மனநிலை மேம்பட்டது என்று சொன்னவர்களும் செர்ட்ராலின் பக்கம்தான் அதிகம். மேலும் அதில் சேர்க்கப்பட்டவர்கள், மாத்திரை தேவையா இல்லையா என்று மருத்துவருக்கே சந்தேகம் இருந்தவர்கள். பலருக்கு லேசான அல்லது மிதமான அறிகுறிகள்தான். கடுமையான மனச்சோர்வு உள்ளவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

நிறுத்துவது பற்றித் தனியாகவே ஓர் ஆய்வு உண்டு, 2021-இல் வந்த 'ஆண்ட்லர்'. நீண்ட காலமாக மாத்திரை சாப்பிட்டு, நன்றாக இருந்து, நிறுத்தலாமா என்று யோசித்த 478 பேர். ஓராண்டுக்குள் மனச்சோர்வு திரும்பியது, தொடர்ந்தவர்களில் 39 சதவீதம், படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 சதவீதம். நிறுத்தியும் நன்றாக இருந்தவர்கள் பலர். தொடர்ந்தும் திரும்பியவர்கள் உண்டு. ஆகவே இது மருத்துவரோடு உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு. நம் நாட்டு மருத்துவ வழிகாட்டி, குணமடைந்த பிறகும் 6 முதல் 9 மாதம் வரையாவது தொடரச் சொல்கிறது. உங்களுக்கு மொத்தமே நான்கு மாதம்தான் ஆகிறது. பிறகு நிறுத்தும்போதும் ஒரே நாளில் விடாதீர்கள். தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்துவிடுவீர்கள். அளவைச் சில வாரங்களில் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

*கைப்பேசி செயலி மூலமாக மனநலச் சிகிச்சை என்கிறார்களே, போதுமா?* – வாசகர், பட்டர்வொர்த்

தனியாகப் போதாது. இங்கிலாந்தில் 691 பேரிடம் நடந்த 'ரியாக்ட்' ஆய்வில், கணினி வழிச் சிகிச்சையைச் சேர்த்துக் கொடுத்தும், வழக்கமான மருத்துவர் கவனிப்பைவிட அதிகப் பலன் வரவில்லை. காரணம் எளிது: பெரும்பாலோர் ஒன்றிரண்டு பாடத்தோடு விட்டுவிட்டார்கள். அடுத்து நடந்த ஆய்வில் வாராவாரம் ஒருவர் தொலைபேசியில் அழைத்துத் துணைநின்றபோது பலன் கூடியது. செயலியைப் பயன்படுத்துவதானால், வாரம் ஒருமுறை "எதுவரை வந்தீங்க?" என்று கேட்க ஓர் ஆள் இருக்கட்டும்.

*முதுகலை மாணவி நான். இரண்டு கிளினிக்குகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றில் 30 பேருக்கு ஆலோசனை, மற்றதில் 30 பேருக்கு வழக்கமான சிகிச்சை என்று திட்டம். மேற்பார்வையாளர் "பார்க்கலாம்" என்கிறார். என்ன குறை?* – வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

தொடங்குவதற்கு முன்பே கேட்டீர்களே, மகிழ்ச்சி. இந்தத் திட்டம் எந்த முடிவையும் தராது. ஒரு பக்கம் ஒரே கிளினிக், மறு பக்கம் ஒரே கிளினிக். ஒன்றில் நல்ல மருத்துவர் இருந்தாலோ, கூட்டம் குறைவாக இருந்தாலோ, அந்த வித்தியாசமும் ஆலோசனையும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். 30-ஐ 300 ஆக்கினாலும் இது தீராது.

கிளினிக் கிளினிக்காகப் பிரிப்பது என்றால் பல கிளினிக்குகள் வேண்டும். ஒரே கிளினிக்கில் உள்ளவர்கள் ஓரளவு ஒரே மாதிரி இருப்பார்கள் என்பதால் கணக்கு ஏறும். உதாரணமாக, குணமடைவது 45-லிருந்து 60 சதவீதமாக உயர்வதைப் பிடிக்க, ஆட்களைத் தனித்தனியாகப் பிரித்தால் பக்கத்துக்கு 170 பேர் போதும். கிளினிக்குக்கு 20 பேர், ஒற்றுமை அளவு 0.05 என்றால் 1 + 19 × 0.05 = 1.95 மடங்கு, 170 பேர் 332 ஆகிவிடும். அதாவது பக்கத்துக்கு 17 கிளினிக்குகள். ஐந்தில் ஒருவர் பாதியில் வராமல் போவார் என்று வைத்தால், கிளினிக்குக்கு 25 பேரைச் சேர்க்க வேண்டும். ஒரு முதுகலை மாணவியால் ஆகிற காரியம் இல்லை.

உங்களுக்குப் பொருந்துவது ஒரே கிளினிக்கில் ஆட்களைத் தனித்தனியாகப் பிரிப்பது. பி.எச்.கியூ-9-இல் 2.5 புள்ளி வித்தியாசத்தைக் காண, புள்ளிகளின் பரவல் (திட்ட விலக்கம்) 6 என்று கொண்டால், பக்கத்துக்கு 90 பேர். விடுபடுவோரைச் சேர்த்து 113. பக்கத்துக்கு 30 பேர் என்றால் 4.3 புள்ளிக்குக் கீழே உள்ள பலன் கண்ணில் படாமல் போக வாய்ப்பு அதிகம். ஆலோசனையின் உண்மையான பலன் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும்.

பக்கத்துக்கு 113 பேர் முடியாவிட்டால், நேர்மையாக ஒரு முன்னோட்ட ஆய்வு செய்யுங்கள். எத்தனை பேரிடம் பாரம் கொடுத்தோம், எத்தனை பேருக்கு 10 அல்லது அதற்கு மேல், எத்தனை பேர் சம்மதித்தார்கள், எத்தனை அமர்வுக்கு வந்தார்கள், 3 மாதத்தில் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணுங்கள். "பலன் உண்டு" என்று முடிவு எழுதிவிடாதீர்கள். இந்த நாட்டுக் கிளினிக்கில், தமிழ் பேசும் நோயாளிகளிடம் எடுத்த அந்த எண்கள் அடுத்து வருபவருக்குப் பெரிய சொத்து.

எந்த வழியானாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். பிரிவு எழுதிய சீட்டு, வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே தெரியாத, எண்ணிட்டு ஒட்டிய உறையில் இருக்கட்டும். கையெழுத்தான பிறகே உறையைத் திறக்க வேண்டும். ஆலோசனை கொடுத்தவரே 3 மாதம் கழித்துப் புள்ளி போடக் கூடாது. யார் எந்தப் பிரிவு என்று தெரியாத இன்னொருவர் கேட்கட்டும். பாதியில் நின்றவர்களையும் அவரவர் பிரிவிலேயே வைத்துக் கணக்கிடுங்கள். ஆலோசனை என்றால் என்ன என்று எழுதி வையுங்கள்: கோவாவில் 2017-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், விட்டுப்போன வேலைகளையும் பழக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்க வைக்கும் சிகிச்சையை 6 முதல் 8 அமர்வுகளில் கொடுத்தார்கள், 3 மாதத்தில் 64 சதவீதம் பேர் பி.எச்.கியூ-9-இல் 10-க்குக் கீழே வந்தார்கள், வழக்கமான பக்கம் 39. அமர்வு எத்தனை, யார் கொடுத்தார், என்ன செய்தார் என்று எழுதியிருப்பதால்தான் நீங்களும் அதைத் திரும்பச் செய்ய முடிகிறது.

கிளினிக்கின் நடப்பையும் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். காலை 8-லிருந்து 10 வரை நெரிசலில் தாதியிடம் பாரம் கொடுத்தால் அது மேசையிலேயே கிடக்கும். மருந்து வாங்கக் காத்திருக்கும் நேரம் நல்லது. ஆலோசனைக்கு ஒதுக்கிய அறை தடுப்பூசி நாளில் பறிபோகும். கிழமையை முன்பே கேட்டு வையுங்கள். மருத்துவர்கள் இடம் மாறுவார்கள், எனவே ஒருவரை மட்டும் நம்பாதீர்கள். பினாங்கில் நடத்துவதானால் தைப்பூச வாரத்திலும், எங்கேயும் தீபாவளியை ஒட்டியும் தொடர்ச் சந்திப்பு வைக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் மட்டும் போதாது. அமைச்சின் கிளினிக் என்றால் என்.எம்.ஆர்.ஆர். பதிவும் எம்.ஆர்.இ.சி. ஒப்புதலும் வேண்டும். அதற்கான மாதங்களையும் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*கோலாலம்பூரில் ஆய்வில் சேர்ந்த அப்பா, இரண்டு மாதத்தில் அண்ணன் வீட்டோடு பினாங்குக்குக் குடிபோகிறார். சொல்லாமல் விட்டுவிடலாமா?* – வாசகர், ஜார்ஜ்டவுன்

தயவுசெய்து சொல்லிவிடுங்கள். காணாமல் போனவர் குணமாகிப் போனாரா, மோசமாகிப் போனாரா என்று ஆய்வாளருக்குத் தெரியாது. இரண்டு பிரிவிலும் வேறு வேறு அளவில் ஆட்கள் மறைந்தால் முடிவு தலைகீழாகக்கூட மாறும். சிகிச்சையை நிறுத்துவது வேறு, கேள்விகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்துவது வேறு. முதலாவது நின்றாலும் இரண்டாவதைத் தொலைபேசியில் பத்து நிமிடத்தில் முடிக்கலாம். புது எண்ணைக் கொடுங்கள், அண்ணனின் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். பினாங்கில் அப்பா போகப்போகும் கிளினிக்குக்கு ஒரு பரிந்துரைக் கடிதமும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் கிளம்புவதற்கு முன்பே வாங்கி வையுங்கள்; ஒரு மாத மாத்திரை கையில் இருக்கட்டும்.